ஓவிய வகுப்பு பள்ளி வாசலில் தொடங்கட்டும்

ஆண்டுதோறும் ஜனவரியில், பெரும்பாலும் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று, பெங்களூரு குமாரகிருபா சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்திவரும் சித்ர சந்தை அன்று அங்கே கூடுகிறது. பல மாநிலங்களிலிருந்து வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் சாலையோரம் படங்களைச் சாய்த்து வைக்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கும் படம் கிடைக்கும், லட்ச ரூபாய்க்கும் கிடைக்கும். வரைந்தவரே பக்கத்தில் நிற்பதால் விலையையும் கேட்கலாம், அந்த நீலத்தை எப்படிக் கலந்தார் என்றும் கேட்கலாம். இப்படியொரு சந்தை கூடுகிற ஊரில், தொடக்கப் பள்ளிகள் பலவற்றின் ஓவிய வகுப்பு இன்னும் அச்சடித்த மாம்பழத்துக்குள் கோடு தாண்டாமல் மஞ்சள் பூசுவதோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பிராஜெக்ட்டோ சார்ட் பேப்பர், தெர்மாகோல், மினுமினுப்புத் தாள் என்று ஸ்டேஷனரிக் கடையில் தொடங்கி, பெற்றோர் கையில் முடிகிறது. அது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் செய்ததில் பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் என்ன வேலை இருந்தது? தொடக்கப் பள்ளியின் ஓவியப் பாடம், அந்தப் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

ஓவிய வகுப்பு இப்படி இருப்பதை ஆசிரியர்களின் குறையாகப் பார்ப்பது நியாயமில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது சட்டம். ஒன்று முதல் ஐந்து வரை அப்படி எந்த ஏற்பாட்டையும் அது சொல்லவில்லை. ஆகவே கை மிக வேகமாகப் பழகுகிற ஐந்து ஆண்டுகளில் கணக்கும் மொழியும் சொல்லித்தரும் அதே வகுப்பாசிரியர்தான் ஓவியத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமக்குப் பயிற்சியில்லாத ஒன்றை நடத்த அவர் அச்சுப் படத்தை நாடினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஓவிய ஆசிரியரை நியமிக்கும்படி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நியமிக்கும் வரை, தெருவில் ஏற்கெனவே இருக்கும் கைத்திறனை ஏன் துணைக்குக் கூப்பிடக் கூடாது?

மல்லேஸ்வரத்திலும் அல்சூரிலும் காலையில் வாசல் தெளித்துப் போடும் கோலத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைச் சீராக விடுவதே முதல் பயிற்சி. அதிகம் விட்டால் கோடு தடித்துப்போகும், தயங்கினால் அறுந்துபோகும். ஏழு புள்ளி நேர்ப்புள்ளி என்றால் அடுத்த வரிசைகள் ஐந்து, மூன்று, ஒன்று என்று குறையும். இடைப்புள்ளி என்றால் ஏழு, ஆறு, ஐந்து, நான்கு. கம்பி இழுக்கும்போது கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். இதில் சமச்சீர் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, முழு வடிவத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் தொடங்கும் துணிவும் இருக்கிறது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-லேயே கோலத்தின் அமைப்பைக் கணினி அறிவியலில் பயன்படும் இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். ஆய்வாளர்களுக்கே விஷயம் கொடுத்த கலையை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு சாக்பீஸைக் கொண்டு பள்ளி முற்றத்தில் பழகலாம். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே இருப்பார்கள்.

கோலத்தோடு நிற்க வேண்டியதில்லை. ஃபிரேசர் டவுனை ஒட்டிய பாட்டரி டவுனில் அகலும் பானையும் பிள்ளையாரும் செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுள் தமிழ் பேசுபவை பல. ஈரம் முழுவதும் காயாத மண்பாண்டம் சூளையில் வெடிக்கும் என்பதை ஒரு பிள்ளை அங்கே பார்த்தே புரிந்துகொள்ளும். இன்றைய கலைக்கும் இந்த ஊரில் குறைவில்லை. 2015-ல் பாதல் நஞ்சுண்டசாமி என்ற ஓவியர், சுல்தான்பாளையாவில் தண்ணீர் தேங்கிக் கிடந்த பெரிய சாலைப் பள்ளத்தில் நிஜ அளவு முதலை ஒன்றைச் செய்து வைத்தார். பச்சை வண்ணம் தீட்டியதும் பள்ளம் குளமாகிவிட்டது. படம் நாடெங்கும் பரவியது, பள்ளமும் சீக்கிரமே மூடப்பட்டது. 2019-ல் அவரே விண்வெளி வீரர் உடையணிந்த நடிகர் ஒருவரை இரவில் குண்டும் குழியுமான தெருவில் நடக்கவிட்டுக் காணொளி எடுத்தார். ஓர் ஆட்டோ கடந்து போகும் வரை பார்ப்பவர்களுக்கு அது நிலாவாகவே தெரிந்தது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தால் குழி ஆழமாகத் தெரியும், இருக்கும் பொருளோடு எதைச் சேர்த்தால் அது வேறொன்றாகும் என்பவை ஓவியத்தின் அடிப்படைக் கேள்விகள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவற்றை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்கிவிட முடியாது.

மறுப்புகள் உண்டு. அவற்றில் கனமானது, மரபை நகல் எடுக்கப் பழகும் பிள்ளை சொந்தமாக எதுவும் செய்யாமல் போய்விடும் என்பது. சாந்திநிகேதனில் பயின்று, 1944 முதல் சேவாகிராமத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்த தேவி பிரசாத், பெரியவர்களின் அளவுகோலைக் குழந்தையின் படத்தின்மேல் சுமத்தக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அவர் கவலை சரியானது. கோலத்தை அப்படியே போட்டால் பத்து மதிப்பெண், மாற்றினால் ஐந்து என்று நடத்தினால் அச்சு மாம்பழம் போன இடத்தில் அச்சுக் கோலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மரபே கையைக் கட்டிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. பெங்களூரின் வெங்கடப்பா கலைக்கூடம் யார் பெயரில் இருக்கிறது? 1886-ல் பிறந்த கே. வெங்கடப்பா, மைசூர் மரபு ஓவியக் குடும்பத்தின் பிள்ளை. பிறகு கல்கத்தா சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். ஊட்டியின் மலைகளையும் பனிமூட்டத்தையும் நேரில் பார்த்து நீர்வண்ணத்தில் வரைந்த அவரது படங்களில் பரம்பரை ஓவியரின் நுணுக்கமும் இருக்கிறது, அவருடைய சொந்தக் கண்ணும் இருக்கிறது. வீட்டில் கற்ற தொழில் அவருக்குத் தடையாக இருக்கவில்லை. பிள்ளை ஒரு கோலத்தைக் கற்றபின், அதில் ஒரு புள்ளியைக் கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்பதுதான் ஆசிரியரின் வேலை.

கோலமும் பிள்ளையாரும் ஒரு சமயத்தாருக்கு உரியவை, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் இடத்தில் அவை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பல சமயத்தார் சேர்ந்து வாழும் சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் இதை அக்கறையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மண் எல்லாருக்கும் பொது. அகல் செய்யலாம், பறவை செய்யலாம், தன் வீட்டுப் பூனையைச் செய்யலாம். பள்ளிவாசல் சுவரின் வடிவகணித அலங்காரமும், தேவாலயக் கண்ணாடியின் வண்ணமும், கடைப் பலகையில் கன்னடம், உருது, தமிழ் எழுத்துகளைத் தீட்டும் தூரிகையும் அதே நடைதூரத்தில்தான் இருக்கின்றன. இவற்றையெல்லாம் சேர்த்து வைத்தால் அதுவே அந்த வட்டாரத்தின் ஓவியப் பாடம். வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் கைவேலையை ஒருவர் உன்னிப்பாகப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. புத்தகப் பையின் சுமையைக் குறைக்க 2019-ல் கர்நாடக அரசு பிறப்பித்த உத்தரவிலேயே மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையைப் பையில்லா நாளாக வைக்கச் சொல்லியிருந்தது. அந்த ஒரு காலைப்பொழுது போதும். பேருந்து பிடித்துக் கஸ்தூர்பா சாலைக்கும் அரண்மனைச் சாலைக்கும் போய்ப் பெரிய அருங்காட்சியகங்களைப் பார்ப்பதும் நல்லதுதான். 2009-ல் திறந்த தேசிய நவீன ஓவியக்கூடம் அரண்மனைச் சாலையில்தான் இருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்கொரு முறைதான் முடியும். பக்கத்துத் தெருவுக்குப் பெற்றோர் இரண்டு பேர் துணையோடு மாதந்தோறும் நடந்து போகலாம். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும். திரும்பி வந்ததும் பிள்ளை வரைந்ததைப் பார்த்து ஆசிரியர் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: அங்கே என்ன பார்த்தாய், அதை யார் செய்தார், எதைக் கொண்டு செய்தார், நீ செய்தால் எதை மாற்றுவாய்? மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் இந்தப் பதில்களுக்கும், வகுப்பிலேயே பிள்ளை தன் கையால் செய்ததற்கும் போடலாம். வீட்டிலிருந்து முடித்து எடுத்துவரும் பிராஜெக்ட்டை ஐந்தாம் வகுப்பு வரை அடியோடு நிறுத்திவிடலாம். இதற்குப் புதுச் சட்டமோ புதுச் செலவோ தேவையில்லை; தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னால் வருகிற கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.