செலவின்றிப் படம் தொகுப்போம், தோட்ட நினைவுகளைக் காப்போம்

(கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டத் தொழிலாளர்களுக்கான உரை)



ஒரு காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டப்பட்டால், அன்று லயமே அங்குத் திரண்டுவிடும். 1946-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலாயாத் திரைப்படப் பிரிவு தயாரித்த படங்களைத் தகவல் இலாகாவின் வாகனங்கள் தோட்டந்தோட்டமாகக் கொண்டுவந்து காட்டின. பாயை விரித்து அமர்ந்து பார்ப்பதே அன்று நம் பங்கு. இன்று நிலைமை மாறிவிட்டது. படம் எடுக்கும் கருவி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அம்மன் திருவிழா, திருமணம், பள்ளி விளையாட்டுப் போட்டி என அனைத்தையும் நாமே பதிவு செய்கிறோம்.

ஆயினும் பதிவு செய்தவை என்ன ஆகின்றன? கைப்பேசிக்குள் குவியலாகக் கிடக்கின்றன. கைப்பேசி பழுதுற்றால் அவையும் மறைந்துவிடுகின்றன. வெட்டிய பாலைக் கோப்பையிலேயே விட்டுவிட்டு வீடு திரும்புவோமா? எடுத்த படத்தைத் தொகுக்காமல் விடுவதும் அது போன்றதே.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. நம் வட்டாரம் வேகமாக மாறிவருகிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் பெரியோர் அழைத்த ஊர் 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. அவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடப்பட்டது. பின்னாளில் பால்மரக் காடுகள் பலவும் செம்பனையாயின, சில குடியிருப்புப் பகுதிகளாயின. மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டிற்காகப் பல ஆண்டுகள் காத்திருந்ததை நாம் அறிவோம். லயம் இடிந்த பின்னர், அங்கு வாழ்ந்த வாழ்வுக்கு எஞ்சும் சான்றுகளுள் நாம் எடுத்த படங்களும் அடங்கும். ஆகவே அவற்றை ஒழுங்குபடுத்துவது நம் கடமையாகிறது.

தொகுத்தல் என்றால் என்ன? வேண்டிய பகுதியைத் தெரிந்தெடுத்து, வேண்டாததை நீக்கி, வரிசைப்படுத்தி, ஒலியைச் சீர்செய்து, தலைப்பு எழுதி ஒரே படமாக்குவதே தொகுத்தல். இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பால்மரத்தில் கத்தி ஆழமாகப் பாய்ந்தால் மரம் காயப்படும். படத்தொகுப்பு மென்பொருளில் அந்த அபாயம் இல்லை. நாம் எத்தனை முறை வெட்டினாலும் மூலப்படம் அப்படியே இருக்கும். வெட்டிய குறிப்பு மட்டுமே தனியே பதிவாகும். ஆகவே தவறு செய்து கற்கலாம். மூலப்படத்தை மட்டும் அழித்துவிடலாகாது.

இதற்குப் பெரும்பணம் வேண்டுமா? வேண்டியதில்லை. கேடென்லைவ், ஷாட்கட், ஓப்பன்ஷாட் ஆகிய மூன்றும் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க திறந்தநிலை மென்பொருள்கள். கேடென்லைவ் 2002-ஆம் ஆண்டிலும், ஓப்பன்ஷாட் 2008-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டவை. இவை படத்தின் மீது நிறுவன முத்திரையைப் பதிப்பதில்லை. ஒருமுறை கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலேயே இயங்கும். இணையத் தொடர்பு சீராகக் கிட்டாத தோட்டங்களுக்கு இது பெரும் வசதியாகும்.

விண்டோஸ் 11 உள்ள கணினியில் கிளிப்சாம்ப் என்னும் மென்பொருள் உடன் வருகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் அதனை வாங்கியது. ஆப்பிள் கருவி வைத்திருப்போருக்கு ஐமூவி இலவசம். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு திரைப்படத் துறையினரும் மதிக்கும் ஆற்றலுடையது. ஆனால் அதற்கு விலையுயர்ந்த கணினி தேவைப்படும். கைப்பேசியில் மட்டும் செய்ய விரும்புவோர் கேப்கட், இன்ஷாட் போன்ற செயலிகளைப் பயன்படுத்தலாம். அவற்றில் சில வசதிகள் இலவசம், சில கட்டணத்திற்குரியவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இவற்றுள் நமக்கு ஏற்றது எது என்று எவ்வாறு முடிவு செய்வது? ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது, நம்மிடம் உள்ள கருவி எது? மென்பொருளுக்காகப் புதிய கணினி வாங்குதல் சிக்கனமாகாது. பழைய கணினி திணறினால், ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் சிறிய மாற்றுப்படத்தை வைத்துத் தொகுக்கும் வசதி உண்டு. இறுதிப் படம் மூலத்தின் தரத்திலேயே வரும்.

இரண்டாவது, கட்டணம் ஒருமுறையா, மாதந்தோறுமா? மாதம் 30 வெள்ளி சிறு தொகையாகத் தோன்றும். ஓராண்டில் அது 360 வெள்ளியாகிவிடும். ஆண்டுக்கு இரண்டு படம் தொகுக்கும் குடும்பத்திற்கு இச்செலவு தேவைதானா?

மூன்றாவது, முடிந்த படத்தில் நிறுவன முத்திரை விழுகிறதா? ஒரு நிமிடப் படத்தை முதலில் தொகுத்து வெளியிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காவது, தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறதா? ‘கொ’, ‘தௌ’, ‘ஸ்ரீ’ என எழுதிப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறினால் எழுத்துருவை மாற்றிச் சோதிக்க வேண்டும்.

ஐந்தாவது, எம்.பி.4 வடிவில் வெளியிட முடிகிறதா? அவ்வடிவத்தைத்தான் பெரும்பாலான கைப்பேசிகளும் தொலைக்காட்சிகளும் எளிதில் காட்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். விலைமிகுந்த மென்பொருளைக் கள்ளப் பிரதியாகப் பத்து வெள்ளிக்குத் தருகிறோம் என்பாரை நம்பலாகாது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு அது முரணானது. நம் வங்கிக் கணக்கைத் திருடும் கேடான நிரல்களும் அதனுள் ஒளிந்திருக்கக்கூடும். பலர் அறிந்த விண்டோஸ் மூவி மேக்கர் 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் அதன் பெயரில் போலி மென்பொருள் பரப்பிப் பணம் பறித்தமை கண்டறியப்பட்டது. எனவே எந்த மென்பொருளையும் அதனைத் தயாரித்தோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெற வேண்டும்.

சேமித்து வைப்பதிலும் கவனம் தேவை. விநாடிக்கு 8 மெகாபிட் அளவில் எடுத்த படம், நிமிடத்திற்கு 60 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். ஒரு மணி நேரத்திற்கு அது 3.6 கிகாபைட் ஆகும். படம் தெளிவு கூடக்கூட இடமும் கூடும். ஆதலால் மூலப்படங்களை ஒரு வன்தட்டில் சேர்த்து, இன்னொரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைப்பது நலம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டுத் தெளிவு குன்றும். ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது.

பிறர் பாட்டைச் சேர்த்து இணையத்தில் வெளியிட்டால் பதிப்புரிமைச் சிக்கல் எழலாம். நம் கோயில் மேளக்காரர் இசைவுடன் பதிவு செய்த நாதசுரமும் தவிலும் இருக்க, இரவல் இசை எதற்கு? பிறர் முகத்தை, குறிப்பாகக் குழந்தைகளை, வெளியிடுமுன் உரியவரிடம் அனுமதி பெறுவதும் பண்பாகும்.

தோழர்களே, மென்பொருள் இலவசமாயினும், அதனைக் கற்பதற்கு நேரம் செலவிட வேண்டும். எனவே சிறிதாகத் தொடங்குவோம். இந்த மாதமே நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை அமர்த்தி, விடியுமுன் பெரட்டுக்குச் சென்றது, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரம் வெட்டியது, பால் சுமந்து ஸ்டோருக்கு நடந்தது ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்வோம். அதனை மூன்று நிமிடப் படமாகத் தொகுத்து, அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் தமிழில் எழுதிச் சேர்ப்போம். கணினி இல்லாதோர் தங்கள் வட்டாரத்தில் நாடி எனப்படும் அரசாங்க இணைய மையம் இருப்பின் அங்குச் சென்று உதவி கேட்கலாம். கணினி அறிந்த இளைஞர் கையும், கதை அறிந்த பெரியவர் நினைவும் ஒன்றுசேர வேண்டும்.

மென்பொருளைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். பெரியவர் குரல் ஓய்ந்த பின் அதனைப் பதிவு செய்ய இயலாது. ஆகவே காலம் தாழ்த்தாது இன்றே தொடங்குவோமாக.