யூலை முதலாம் திகதியின் காலைப்பொழுது



யூலை முதலாம் திகதி என்றதும் ரொறன்ரோவில் வாழும் எங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கனடா தினம். விடுமுறை. பூங்காவில் உறவினரோடு ஒரு சாப்பாடு, பிள்ளைகளின் கைகளில் சின்னக் கொடிகள், இரவில் வாணவேடிக்கை. நானும் பல வருடங்களாக அந்த நாளை அப்படித்தான் கழித்தேன். 2019ஆம் ஆண்டு ஒரு காலைப்பொழுது அதை மாற்றிவிட்டது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

அப்போது என் மகள் நியூபவுண்ட்லாந்தின் தலைநகரான சென்ற் ஜோன்ஸில் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் போயிருந்தேன். முதலாம் திகதி காலை, மேப்பிள் இலை போட்ட சிவப்புச் சட்டையோடு நான் வெளிக்கிட, மகள் வாசலில் மறித்தாள்.

"அப்பா, அந்தச் சட்டையை மாத்துங்கோ. இஞ்சை காலமையிலை கொண்டாட்டம் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகுதான்."

எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் மாற்றிக்கொண்டு போனேன். நகரில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. தேசியப் போர் நினைவுச்சின்னத்தின் முன்னால் சனக்கூட்டம். ஆனால் சத்தமில்லை. பலருடைய சட்டைகளில் ஒரு சின்ன நீலப் பூ. "என்னை மறவாதே" என்பதுதான் அந்தப் பூவின் பெயருக்கே பொருள். பக்கத்தில் பதக்கங்கள் அணிந்த ஒரு முதியவர் நின்றார். பழக்கதோஷத்தில் அவருக்குக் கனடா தின வாழ்த்துச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "பின்னேரம் சொல்லுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்" என்றார். பிறகுதான் கதையைச் சொன்னார்.

நேயர்களே, 1914இல் நியூபவுண்ட்லாந்து கனடாவின் பகுதி அல்ல. பிரித்தானிய முடியின் கீழ் தனக்கென்று ஓர் அரசாங்கம் வைத்திருந்த தனி நாடு. மக்கள்தொகை இரண்டரை இலட்சத்துக்கும் குறைவு. பெரும்பாலும் மீன்பிடிகாரரும் மரம் வெட்டுவோரும். சொந்தமாக ஒரு தரைப்படைகூட இருக்கவில்லை. உலகப்போர் தொடங்கியதும் இரண்டே மாதங்களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட இளைஞர்களைச் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். காக்கித் துணி போதாமல் காலில் சுற்றும் பட்டிகளை நீலத் துணியில் தைத்தார்களாம். அதனால் அந்த முதல் அணிக்கு "நீலப் பட்டிக்காரர்" என்றே பெயர் வந்தது.

1915இல் கலிப்பொலியில் போரிட்டார்கள். அடுத்த வருடம் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்கள். 1916 யூலை முதலாம் திகதி, சோம் சமரின் முதல் நாள். போமோன் ஹமெல் என்ற கிராமத்துக்கு முன்னால் காலையில் ஏறிய அணிகள் ஜேர்மன் இயந்திரத் துப்பாக்கிகளால் வீழ்த்தப்பட்டிருந்தன. தூரத்தில் தெரிந்த ஒரு வெள்ளை வெளிச்சக் குண்டை வெற்றிச் சைகை என்று மேலிடம் பிழையாக விளங்கிக்கொண்டு, இவர்களையும் முன்னேறச் சொன்னது. முன்னரங்குக்குப் போகும் அகழிகளை இறந்தவர்களும் காயப்பட்டவர்களும் அடைத்துக் கிடந்தார்கள். அதனால் பின்னாலிருந்த அகழியிலிருந்தே வெட்டவெளியில் ஏறி நடந்தார்கள். நேரம் காலை 9.15. சொந்த முட்கம்பி வேலியின் இடைவெளிகளைக் கடக்கும்போதே பலர் விழுந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏறியவர்கள் சுமார் 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். சென்ற் ஜோன்ஸின் எயர் என்ற ஒரே குடும்பத்தில் மட்டும் அன்று நான்கு பேர் இறந்தார்கள். மூவர் இந்தப் படைப்பிரிவில், ஒருவர் ஆங்கிலேயப் படைப்பிரிவொன்றில்.

அந்த முதியவரின் பாட்டனாருக்கு ஒரு தம்பி இருந்தாராம். அன்று போனவர்தான், உடல் கிடைக்கவில்லை. "அவருடைய தாயார் சாகும்வரை இரவில் கதவைப் பூட்டவே இல்லை" என்றார். நேயர்களே, எனக்கு மேலே கேட்க முடியவில்லை. பூட்டாத கதவுகளை நான் யாழ்ப்பாணத்திலும் கண்டவன். கல்லறை இல்லாத துயரம் என்னவென்று எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சின்ன நாடு தன் வீரர்களை எப்படி மதித்தது என்பதுதான் என்னை மேலும் யோசிக்க வைத்தது. போமோன் ஹமெலில் அந்த நிலத்தையே வாங்கினார்கள். அகழிகளை மூடாமல் அப்படியே விட்டு, படைப்பிரிவின் சின்னமான கரிபு மானின் வெண்கலச் சிலையை மேட்டில் நிறுத்தினார்கள். 1925இல் அது திறக்கப்பட்டது. கல்லறை இல்லாத 800க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அதே 1925இல் ஊரில் ஒரு கல்லூரியையும் தொடங்கினார்கள். போரில் இறந்த பிள்ளைகளின் ஞாபகமாக, இருக்கும் பிள்ளைகள் படிக்க ஓர் இடம். அதுதான் பின்னாளில் மெமோரியல் பல்கலைக்கழகம். என் மகள் படித்த இடத்தின் பெயருக்கு அர்த்தம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வந்தவர்களையும் மறக்கக்கூடாது. தோமஸ் றிக்கெற்ஸ் என்ற பையன் பதினைந்து வயதில் படையில் சேர்ந்தவன். 1918 ஒக்ரோபரில் பெல்ஜியத்தில், தோட்டாக்கள் தீர்ந்தபோது சூட்டுக்கு நடுவே திரும்பி ஓடிப்போய் எடுத்துவந்தான். பதினேழு வயதில் விக்ரோறியா சிலுவை கிடைத்தது. அவர் ஊருக்கு வந்து மருந்துக்கடை நடத்தினார். பதக்கத்தைப் பற்றிப் பேச விரும்பாமலே 1967இல் காலமானார். பேசாத வீரர்கள்தான் அதிகம் என்று அந்த முதியவரும் சொன்னார். அவர் சைப்பிரசில் அமைதிப் படையில் இருந்தவர்.

அந்த நாடு இதற்குப் பெரிய விலையும் கொடுத்தது. போர்ச் செலவும் வீரர்களின் ஓய்வூதியமும் கடனாகச் சேர்ந்தன. வேறு கடன்களும் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் கூடிவர, 1934இல் சுயஆட்சியையே இழந்தது. 1949இல் கனடாவோடு இணைந்தது. அதனால்தான் அங்கே காலையில் துக்கம், மத்தியானத்துக்குப் பின் கொண்டாட்டம்.

இனி எங்களைப் பற்றியும் ஒரு சங்கதி. 1986 ஓகஸ்ட் மாதம், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கடலில் தத்தளித்த 155 தமிழரை நியூபவுண்ட்லாந்து மீன்பிடிகாரர்கள் காப்பாற்றியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கரைக்குக் கொண்டுவரப்பட்ட அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தது எது தெரியுமா? இதே மெமோரியல் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி. திரும்பி வராத பிள்ளைகளின் பெயரால் தொடங்கிய இடம், வீடு திரும்ப முடியாத எங்கள் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்திருக்கிறது.

2024 யூலை முதலாம் திகதி, பிரான்சில் புதைக்கப்பட்டிருந்த பெயர் தெரியாத ஒரு நியூபவுண்ட்லாந்து வீரரைக் கொண்டுவந்து சென்ற் ஜோன்ஸ் நினைவுச்சின்னத்தில் அடக்கம் செய்தார்கள். நூற்றெட்டு வருடங்களுக்குப் பிறகு! மகளும் நானும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த முதியவர் சொன்ன தாயாரை நினைத்துக்கொண்டேன்.

நேயர்களே, நான் போரைப் புகழவில்லை. போரைக் கண்டு வந்த எங்களில் யாரும் அதைப் புகழமாட்டோம். கேட்பது சிறிய விடயம். வருகிற கனடா தினத்தில் பூங்காவுக்குப் போகுமுன், வீட்டில் ஒரு நிமிடம் பிள்ளைகளோடு எழுந்து நில்லுங்கள். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த 68 பேரின் கதையைச் சொல்லுங்கள். 155 பேரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு கொடியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போங்கள்.