வீடு திரும்ப நல்ல நேரம் எது?

(ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



வயது முதிர்ந்தவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வருவதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம். இது ஒரு பெரிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். பெரிய விஷயந்தான் என்பதை நாம் பட்டுத் தெரிந்து கொண்டோம்.

"நாளை வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னவுடன் நம் மக்கள் செய்கிற முதல் காரியம் என்ன? பஞ்சாங்கத்தைப் புரட்டுவதுதான். அஷ்டமியா, நவமியா, இராகுகாலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று பார்க்கிறார்கள். வாசலில் ஆரத்தி எடுத்துத் திருஷ்டி கழிக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்க்கிறார்களா? கிரகங்களின் நடையைக் கவனிக்கிறவர்கள் கிழவியின் நடையைக் கவனிப்பதில்லை!

பிறரை ஏன் சொல்ல வேண்டும்? பஞ்சாங்கம் பார்க்காத நம் வீட்டிலேயே நடந்ததைச் சொல்லுகின்றோம். நமது தாயார் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அதே மருந்தை வேறு பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். பழையதை நிறுத்தும்படி எவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இரண்டையும் கொடுத்து வந்தோம். மூன்றாம் நாள் இரவு எழுந்தவர்கள் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே போனார்கள். பிறகு கோலில்லாமல் அவர்கள் நடக்கவே இல்லை. இதை விதி என்று சொல்லியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அது விதியல்ல, நமது அசட்டைத்தனம்.

இது நம் வீட்டுக் கதை மாத்திரமல்ல. அமெரிக்காவில் பெரும்பாலும் 65 வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் உரிய மெடிக்கேர் என்னும் சர்க்கார் இன்ஷூரன்சில் உள்ளவர்களைப் பற்றி 2009-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஆஸ்பத்திரியை விட்டுப் போனவர்களில் ஏறக்குறைய 5-ல் ஒருவர் 30 நாளைக்குள் திரும்ப வந்து சேர்ந்ததாக அதில் கண்டது. அவர்களெல்லாம் இராகுகாலத்திலா புறப்பட்டார்கள்? நோய் தணிந்தாலும், படுத்தே கிடந்து தசை மெலிந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, உடல் தளர்ந்து போயிருக்கிறது. அந்தச் சமயத்தில் மருந்தும் குழம்பினால் கேட்க வேண்டுமா?

ஆகவே தோழர்களே! புறப்படுமுன் வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் கொண்டுபோய்க் காட்டி, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று எழுதி வாங்குங்கள். என்ன குறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும், அடுத்தபடி என்றைக்குக் காட்ட வேண்டும் என்றும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கமென்ன? கட்டிலிலிருந்து கக்கூசு வரை இரவில் விளக்கு எரியட்டும். அங்கே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கட்டும். தரையில் ஈரம் வேண்டாம். டாக்டர் சொன்ன அளவுக்குத் தினமும் நடக்க விடுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவருவதற்காக ஏற்பட்டது. உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இவ்வளவையும் மருமகள் தலையில் கட்டிவிட்டு ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பது யோக்கியமல்ல. பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் ஏற்றி இறக்கும் மூட்டையல்ல.

வீடு திரும்ப நல்ல நேரம் எதுவென்று இனி யாராவது கேட்டால், சீட்டைப் படித்துப் புரிந்துகொண்ட நேரமே நல்ல நேரம் என்று சொல்லுங்கள்.