காற்றுக்குச் சாதியில்லை, கம்பத்துக்கு உண்டு

(காரமடையில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கவிதை வேண்டாம், கம்பியில்லா இணையம் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "அது கம்பெனிக்காரன் சமாச்சாரமாச்சுங்களே, நம்ம விடுதலைக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று ஒரு தோழர் கேட்டார். கிணறு, குளம், தெரு, சுடுகாடு இவற்றுக்கு இருந்த அதே சம்பந்தம்தான். பொது என்று சொல்லப்படுகிற ஒன்றை எட்டுவதற்கு நாம் யாருடைய நிலத்தின் வழியாகப் போக வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனியின் கண்ணாடி இழைக் கேபிள் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிப் போகிறது. வெள்ளியங்காடு, தோலம்பாளையம் என்று மலையடிவாரத்துக்குப் போகப் போக, உள்ளே தள்ளியிருக்கிற தோட்டத்துச் சாளைக்கும் வளவுக்கும் கேபிள் இழுக்கக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. அங்கேதான் சின்ன ஆள் வருகிறான். கேபிள் இருக்கிற இடத்தில் மொத்தமாக இணையத்தை வாங்குகிறான். உயரமான ஒரு கட்டடத்தில் ரேடியோ கட்டி, அங்கிருந்து காற்று வழியாக அனுப்புகிறான். வாங்குகிறவர் வீட்டு மேலே தட்டு மாதிரி ஒரு சின்ன ரேடியோ. அதிலிருந்து வீட்டுக்குள்ளே ஒரு வயர். அவ்வளவுதான்.

சொல்லும்போது சுலபம். ஆனால் இந்த ரேடியோ பேசுவது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அதற்கு இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். நடுவில் தென்னந்தோப்பு வந்தால், ஓலையில் இருக்கிற ஈரமே அலையைக் குடித்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற நேர்க்கோடு மட்டும் காலியாக இருந்தாலும் போதாது. 5 கிலோமீட்டர் தூரம் என்றால், நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றிச் சுமார் 8 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவிப் போகிறது. அதில் பெரும்பகுதி தடையில்லாமல் இருக்க வேண்டும். நம்ம பக்கம் எங்கே பார்த்தாலும் தென்னையும் பாக்கும். ஆகவே உயரம் வேண்டும். மழையில் நனைகிற பெட்டி, இடி விழுந்தால் எரிகிற கருவி, கரண்ட் போனால் தாங்க வேண்டிய பேட்டரி, குரங்கு பிய்த்துப் போடுகிற வயர் என்று மற்ற தொல்லைகள் நிறைய இருக்கின்றன. காசும் உழைப்பும் இருந்தால் அதையெல்லாம் சமாளிக்கலாம். உயரம் அப்படிக் கிடைப்பதில்லை.

ஊரில் உயரம் யாரிடம் இருக்கிறது? இரண்டு மாடி வீடும் மேட்டு நிலமும் யாருடையது? விடை உங்களுக்கே தெரியும்.

நம்ம வளவுத் தம்பி ஒருவன் இந்தத் தொழிலில் இருக்கிறான். டிப்ளமோ படித்தவன். கேபிள் டிவிக்காரரிடம் கம்பம் ஏறித் தொழில் கற்றவன். ரேடியோ கட்ட ஒரு மாடி கேட்டுப் போனான். வாடகை பேசி முடிந்தது. அப்புறம் வீட்டுக்காரர் கேட்டாராம்: "உன்ற ஊரு எதுடா? யாரு மவன்?" பதில் சொன்ன பிறகு வாடகைப் பேச்சு நின்றுபோச்சு. மாடிப்படி வீட்டுக்குள்ளே இருக்கிறது. கருவி பழுதானால் ராத்திரியும் ஏற வேண்டியிருக்கும். இவன் கேட்டது மொட்டை மாடியில் நாலடி இடம். அவருக்குக் கேட்டது, இவன் தன் நடைவீட்டைத் தாண்டிப் போகப் போகிறான் என்பது.

வாடிக்கையாளர் வீட்டிலும் இதே கதைதான். "பொட்டியத் திண்ணையில வெச்சுட்டுப் போ தம்பி, உள்ளார நாங்க மாட்டிக்கறோம்" என்பார்கள். அவர்கள் மாட்டுவார்கள், வேலை செய்யாது. மறுபடி போன் வரும். "உன்ற லைன் சரியில்லே" என்பார்கள். எதிரிலே இன்னொருத்தன் கடை போட்டிருக்கிறான். அவனுக்கு மாமன் மச்சான் வீட்டு மாடியெல்லாம் இலவசம். நம்ம பையன் வாடகைக்கும் வழியில்லாமல் தன் காசில் இரும்புக் கம்பம் நட வேண்டும். கம்பம் நட நிலம் வேண்டும். நம்மவர்க்கு நிலம் என்று 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் யார் யார் கைக்குப் போனது என்பதை இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை தோழர்களே. இருபது வருசத்துக்கு முன்னாலே இதே தமிழ்நாட்டில் இதைப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை 1990களில் உருவாக்கியது. ஒரு கோபுரத்திலிருந்து நேர்ப்பார்வையில் 10 கிலோமீட்டர் வரை எட்டும். வேகம் 35லிருந்து 70 கிலோபிட். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும், அன்றைக்கு அது பெரிய விசயம். அந்த வழியில் வந்த என்-லாக் நிறுவனம், உள்ளூர் ஆளைக் கூட்டாளியாக்கிக் கோபுரம் போடும், கிராமத்தில் ஒருவர் சுமார் 50,000 ரூபாய் முதலில் கியோஸ்க் நடத்துவார் என்று திட்டம் போட்டது. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் தாலுகாவில் சாரி என்ற பெயரில், ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆட்களும் சேர்ந்து இறங்கினார்கள்.

மேலூர் தாலுகா என்றால் நமக்கு எது ஞாபகம் வரும்? மேலவளவு. 1997 ஜூன் 30. ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஆறு பேரும் வெட்டிக் கொல்லப்பட்ட மண். ரிசர்வ் தொகுதியில் ஜெயித்த ஒரு தலித் நாற்காலியில் உட்காருவதைப் பொறுக்காத தாலுகாவில், நாலு வருசம் கழித்துக் காற்று வழியாக இணையம் வந்தது. வந்தபோது, தாலுகா ஆபீசுக்கு அலையாமல் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்குக் கியோஸ்க்கிலிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சம். நம்ம சனத்துக்கு அது சின்ன விசயமா?

அதை ஆராய்ந்த ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் எழுதியிருக்கிறார்கள். பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், இளைஞர்கள், மாணவர்கள், ஓரளவு வசதியுள்ளவர்கள். ஆனால் கியோஸ்க் ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்து, நடத்துகிறவரும் அந்தச் சமூகத்தவராக இருந்தால், அந்தத் தடை கொஞ்சம் உடைந்தது. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தையும் விலையையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பெட்டி யார் தெருவில் இருக்கிறது, பெட்டிக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதே அளவுக்கு முக்கியம்.

அந்தத் திட்டம் நிலைக்கவில்லை. ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள், சான்றிதழ் சேவை படுத்தது. வருமானம் விழுந்தது. சில வருசத்துக்குள்ளேயே நிறையக் கியோஸ்க்குகள் மூடப்பட்டன. அதிகாரியின் தயவில் நிற்பது அதிகாரியோடேயே போய்விடும்.

இனி சட்டமும் காசும். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். மூலம் வந்தது. தனியாருக்குத் திறந்தது 1998இல். 2013இல் வந்த ஒருங்கிணைந்த உரிமம் மூன்று அடுக்கு வைத்தது. நாடு முழுதுக்குமான ஏ பிரிவுக்கு நுழைவுக் கட்டணம் 30 லட்சம், மாநில அளவிலான பி பிரிவுக்கு 2 லட்சம், கோயமுத்தூர் மாதிரி ஒரு தொலைபேசிப் பகுதிக்கு மட்டுமான சி பிரிவுக்கு 20,000. இருபதாயிரம்தானே என்று தோணும். அதற்குமேல் வங்கி உத்தரவாதம், கணக்குத் தாக்கல், யார் எப்போது எந்த இணைப்பில் இருந்தார் என்ற பதிவுகளைக் காப்பது, அரசு கேட்டால் கண்காணிப்புக்கு வழி செய்வது எல்லாம் உண்டு. அதனால் நம்ம பையன்கள் பெரும்பாலும் இன்னொருவர் உரிமத்தின் கீழே வேலை செய்கிறார்கள். பில்லில் பெயர் அவனுடையது, கம்பம் ஏறுவது இவன். வசூலில் பங்கு முதலில் அவனுக்கு, திட்டு முழுதும் இவனுக்கு. வாரத்துக்கு உழுத கதைதான். 2016க்குப் பிறகு செல்போன் டேட்டா விலை விழுந்ததில் இவன் கையில் நின்ற சொற்பமும் கரைந்தது.

அலைவரிசையாவது இலவசமா? இலவசம்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 2005இல் உரிமத்திலிருந்து விடுவித்தார்கள். 5.8இல் ஒரு சின்னத் துண்டை 2007இல் விட்டார்கள். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் பெரிய பகுதி திறந்தது. ஆனால் இதைப் புறம்போக்கு மாதிரி எண்ணிப் பாருங்கள். எல்லோருக்கும் பொது, யாருக்கும் பாதுகாப்பு கிடையாது. அடுத்தவன் ரேடியோ உன் ரேடியோவை அமுக்கினால் நீ வழக்குப் போட முடியாது, விதியே அப்படி. புறம்போக்கில் யார் மாடு மேய்ந்தது, யார் மாட்டை விரட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். உயரமான கம்பம் உள்ளவன் காற்றிலும் வேலி போடுகிறான்.

கடனுக்கு வருகிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். தோட்டத்துப் பத்திரம் கொண்டு வருகிறவருக்குப் பேச்சு சீக்கிரம் முடிகிறது. ரேடியோவையும் கம்பத்தையும் காட்டுகிறவனிடம் "வேற செக்யூரிட்டி இருக்குதா?" என்ற கேள்விதான். ஆனால் முத்ரா கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. 10 லட்சம் வரை இருந்தது, 2024 பட்ஜெட்டில் முன்கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சமாக உயர்த்தினார்கள். தமிழக அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மூலதனத்தில் 35 சதவீதம் மானியம், 6 சதவீத வட்டிச் சலுகை. யாரும் வீடு தேடி வந்து இதைச் சொல்ல மாட்டார்கள். எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே அனுப்பிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் இத்தனை பாடு எதுக்கு, செல்போன் இருக்கிறதே என்று கேட்கலாம். 2020இல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, நம்ம பிள்ளைகள் ஒரு செல்போனை மூன்று பேர் வைத்துக்கொண்டு சிக்னலுக்காக மேடு தேடி நின்றார்கள். அதற்கு முந்தின வருசம், 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில், இங்கேயிருந்து கூப்பிடு தூரத்தில் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து பெண்களும் குழந்தைகளும் உட்பட நம்ம சனம் 17 பேர் செத்தார்கள். தீண்டாமைச் சுவர் என்றுதான் நாம் அதைச் சொல்கிறோம். அலைக்குச் சுவர் இல்லை, இணையம் எல்லோரையும் சமமாக்கிவிடும் என்று மேடையில் யாராவது பேசினால், அவரை நடூருக்குக் கூட்டிப் போங்கள். இணையம் சுவரை இடிக்காது. ஆனால் சுவர் சாய்கிறது என்று நாம் கொடுக்கிற மனுவும் போட்டோவும் தேதியோடு போய்ச் சேர ஒரு வழி நம்ம கையில் இருக்க வேண்டும்.

முடியுமா என்றால், முடியும். மெக்சிகோவில் வஹாகா மாநிலத்தில் தலேயா தே காஸ்ட்ரோ என்று ஒரு பழங்குடி ஊர். ஆள் குறைவு, லாபம் வராது என்று செல்போன் கம்பெனிகள் கைவிட்ட ஊர். 2013இல் அந்தச் சனங்கள் தாங்களே ஊர்ச்சபை கூட்டித் தங்கள் சொந்த செல்போன் வலையை நிறுவினார்கள். அங்கே நிலமும் முடிவும் ஊருக்குப் பொதுவாக இருந்தது. நமக்கு அது இல்லை. அதை முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

எனவே என் யோசனை இதுதான். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் என்று திட்டம் போட்டார்கள். கேபிள் வந்து நிற்கிற ஊராட்சி அலுவலகம் ஊருக்குள்ளே இருக்கிறது. வளவு அரை கிலோமீட்டர் தள்ளி. அந்த அரை கிலோமீட்டரை ஒரு ஜோடி ரேடியோ தாண்டிவிடும். வீட்டுக்காரர் மாடி நமக்கு வேண்டாம். ஊராட்சிக் கட்டடம், பள்ளிக்கூடம், நூலகம், மேல்நிலைத் தொட்டி எல்லாம் நம்ம வரியில் கட்டியது. அந்த உயரம் பொது. அங்கே நம்ம பிள்ளைகளின் கூட்டுறவுக்குக் கம்பம் கட்டும் உரிமை வேண்டும் என்று வருகிற கிராம சபையில் தீர்மானம் கொண்டு வருவோம். 2020 டிசம்பரில் மத்திய அரசு அனுமதித்த பி.எம். வாணி திட்டப்படி, பொது வைஃபை வைக்கிற சிறு கடைக்கு உரிமமும் கட்டணமும் தேவையில்லை. வளவுச் சமுதாயக் கூடத்தில் அதை வைப்போம். பெட்டிக்குப் பின்னால் நம்ம பெண் பிள்ளை ஒருத்தி உட்காரட்டும்.

தீர்மானத்தை ஏற்க மாட்டார்கள் என்று இப்போதே சிலர் தலையாட்டுகிறீர்கள். ஏற்காவிட்டால் மினிட் புக்கில் அதை எழுதச் சொல்வோம். எழுதாவிட்டால் கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். கிணற்றுக்கும் இப்படித்தான் போனோம். தீர்மான நகலை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். கையெழுத்துப் போடாமல் யாரும் போக வேண்டாம்.