நிதியியல் மேற்படிப்புக்கு ஏற்ற பட்டப்படிப்பு எது?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், அகத்தியமலைச் சாரலில், நெய்யாறு நீர்த்தேக்கத்தையொட்டி அமைந்த ஊர் அம்பூரி. நெடுங்காலம் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்திருந்து, 2014இல் காட்டாக்கடை வட்டம் உருவானபோது அதனுள் வந்தது. சட்டமன்றத் தொகுதி பாறசாலை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலச் சீரமைப்பின்போது விளவங்கோடு முதலிய தென்திருவிதாங்கூர் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆயினும் பனச்சமூட்டுச் சந்தைக்கு வருவோர் இரு மொழியிலும் விலை பேசுகின்றனர்.

இதனால் இப்பகுதி மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒருபுறம் காட்டாக்கடை, தனுவச்சபுரம் ஆகிய இடங்களில் கேரளப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள். மறுபுறம் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகள். வங்கி, காப்பீடு, பங்குச் சந்தை ஆகிய துறைகளில் உயர்பதவிகளை நாடி நிதியியலில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் மாணவர், இவற்றுள் எந்தக் கல்லூரி என்று கேட்குமுன் எந்தப் பட்டம் என்று கேட்கவேண்டியவராகிறார். வணிகவியலா, பொருளாதாரமா, கணிதமா?

நிதியியல் என்பது யாது? கணக்கேடு எழுதுவதே நிதியியல் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது முழு உண்மையன்று. இவ்வூர் மலைச்சரிவுகளில் ரப்பர் பயிரிடும் சிறு விவசாயியை எடுத்துக்கொள்வோம். கன்று நட்டுப் பால் வெட்டத் தொடங்க ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகின்றன. அதுவரை செலவு மட்டுமே. பின்னர் இருபதாண்டுகளுக்கு மேல் வருவாய். ஏழாண்டுக்குப் பின் கைக்கு வரும் ஒரு இலட்சம் ரூபாயின் இன்றைய மதிப்பு என்ன? ஆண்டு வட்டி 10 விழுக்காடு எனக் கொண்டால் சுமார் 51,300 ரூபாய். 12 விழுக்காடாயின் சுமார் 45,200 ரூபாய். வட்டியில் இரண்டு விழுக்காடு கூடியதும் ஆறாயிரம் ரூபாய் மறைந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போடக் கற்பிப்பது வணிகவியல். வட்டி ஏன் 10ஆக இல்லாமல் 12ஆக உயர்ந்தது என்று ஆராய்வது பொருளாதாரம். 2011இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டி ஏறிய ரப்பர் விலை 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழ் இறங்கியதே, அத்தகைய ஏற்ற இறக்கத்தின் அளவை எவ்வாறு மதிப்பிடுவது என்று காட்டுவது புள்ளியியல். நிதியியல் இம்மூன்றும் சந்திக்கும் இடம். ஆதலின் எந்த ஒரு பட்டமும் தனியே அதற்கு முழுத் தகுதி தந்துவிடுவதில்லை.

வணிகவியலின் வலிமை வெளிப்படையானது. இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவர் நிதியியலில் நெடுந்தூரம் செல்ல இயலாது. அப்பயிற்சியை இப்பட்டம்போல் வேறெதுவும் தருவதில்லை. கேரளத்தில் கூட்டுறவைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட வணிகவியல் பட்டம் பெற்றோர், தனியே கூட்டுறவுப் பட்டயம் பெறாமலே தொடக்கக் கூட்டுறவு வங்கிகளின் எழுத்தர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். மேற்படிப்புக்கு உடனே வழியில்லாத குடும்பத்துக்கு இது சிறிய விஷயமன்று. குறையும் உண்டு. பல கல்லூரிகளில் இப்பட்டத்தில் கற்பிக்கப்படும் கணிதம் வணிகக் கணிதத்தோடும் தொடக்கநிலைப் புள்ளியியலோடும் நின்றுவிடுகிறது.

பொருளாதாரப் பட்டத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. பெயர் ஒன்றேயாயினும் உள்ளடக்கம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுகிறது. பொருளாதார வரலாறும் வளர்ச்சித் திட்டங்களும் நிறைந்து, நுண்கணிதமும் பொருளாதார அளவையியலும் பெயரளவில் மட்டும் இருக்கும் பாடத்திட்டத்தைப் படித்தவர், முதுநிலையின் முதற்பருவத்திலேயே திணறுகிறார். கணிதம் அல்லது புள்ளியியல் பட்டதாரிக்கு எதிர்மாறான இடர்ப்பாடு: சமன்பாடு எளிதில் விளங்கும், அது குறிக்கும் கடன் பத்திரமோ வங்கியோ விளங்காது. ஆனால் பற்று வரவை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். நிகழ்தகவை அவ்வாறு கற்க முடியாது. ஐயம் நீங்காத மாணவர், கணிதத்தில் விருப்பம் உள்ளவராயின், கணிதத்தின் பக்கம் சாய்வதே நலம். வணிக நிர்வாகப் பட்டம் பலவற்றைத் தொட்டுச் செல்வது. நிதியியலுக்கென்று அதைத் தேர்ந்தெடுக்கத் தனிக் காரணம் ஏதுமில்லை.

முதுநிலைப் படிப்புகளும் ஒரே வகையினவல்ல. நிதியியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட வணிகவியல் முதுநிலைக்குப் பெரும்பாலும் வணிகவியல் இளநிலையே அடிப்படைத் தகுதி. நிர்வாகவியல் முதுநிலைக்கு எந்தப் பட்டமும் போதும். இந்திய மேலாண்மைக் கழகங்களின் பொது நுழைவுத் தேர்வுக்குப் பட்டத்தில் 50 விழுக்காடும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 45 விழுக்காடும் கேட்கப்படுகின்றன. 1993இல் தோன்றிய சென்னைப் பொருளியல் கல்வி நிறுவனத்தின் நிதிப் பொருளாதாரம், புதுவைப் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையின் அளவைசார் நிதியியல் போன்ற படிப்புகள் கணிதப் பயிற்சியின்றி எட்டாதவை. கணிதம் கற்ற மாணவருக்கு இவற்றுள் பெரும்பாலான வாயில்கள் திறந்திருக்கின்றன. கல்லாதவருக்கு ஓரிரண்டே எஞ்சுகின்றன.

பொதுவாழ்வில் புகழ்பெற்றோரின் கல்வியும் இதையே காட்டுகிறது. இங்கிருந்து வெகுதூரமில்லாத நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன் திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பின்னர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொழில் நிர்வாகம் கற்றார். 1991இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி நாட்டின் தங்கம் அடகு வைக்கப்பட்டபோது ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவரே. 1992 இறுதியில் அவருக்குப்பின் அப்பதவியேற்ற அரியலூர் சி. ரங்கராஜன் சென்னை இலயோலா கல்லூரியின் வணிகவியல் பட்டதாரி. பென்சில்வேனியாவில் பொருளாதார முனைவர் பட்டம் பெற்றவர். 2013இல் ஆளுநரான ரகுராம் ராஜனின் முதற்பட்டம் மின்பொறியியல். எந்தப் பட்டமானாலும் சரி என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. மூவருள் எவரும் முதற்பட்டத்தோடு நிற்கவில்லை என்பதையும், எண்களைக் கண்டு எவரும் ஒதுங்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கேரளத்தில் 2024ஆம் கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த நான்காண்டுப் பட்டப்படிப்பு ஒரு நல்ல வாய்ப்பைத் தருகிறது. முதன்மைப் பாடத்தோடு துணைமைப் பாடத்தையும் மாணவர் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காமாண்டும் பயின்று சிறப்புப் பட்டம் பெறலாம். வணிகவியலை முதன்மையாகவும் புள்ளியியலைத் துணைமையாகவும் கொள்வதோ, கணிதத்தை முதன்மையாக்கிப் பொருளாதாரத்தைத் துணையாக்குவதோ நிதியியலுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் ஏட்டில் உள்ள இணைப்பெல்லாம் எல்லாக் கல்லூரியிலும் கிடைப்பதில்லை. கிராமப்புறக் கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியரே இல்லாதிருக்கலாம். விண்ணப்பிக்குமுன் நேரில் சென்று கேட்டறிவது அவசியம். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. நான்காமாண்டுச் செலவைத் தாங்க இயலாத குடும்பம் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் உண்மையான தீர்மானம் பட்டப்படிப்பின் வாயிலில் நிகழ்வதன்று. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. கேரள மேல்நிலைக் கல்வியின் வணிகவியல் பிரிவில் கணக்குப் பதிவியல், வணிகப் படிப்பு, பொருளாதாரம் ஆகிய மூன்றோடு நான்காவதாகக் கணிதம், புள்ளியியல், அரசியல் அறிவியல், கணினிப் பயன்பாடு ஆகியவற்றுள் ஒன்று அமைகிறது. கடினம் என்றஞ்சிக் கணிதத்தைத் தவிர்க்கும் பதினைந்து வயது மாணவருக்கு, நான்காண்டு கழித்துத் தாம் இழக்கப்போவது இன்னதென்று எடுத்துச் சொல்ல வீட்டில் எவரும் இல்லாதிருக்கலாம். பல வீடுகளில் அதிகாலையில் பால் வெட்டச் சென்று திரும்பும் பெற்றோர் கல்லூரி வாயிலையே கண்டதில்லை. சில வேளை மாணவர் அஞ்சவும் இல்லை. அருகிலுள்ள பள்ளியில் அப்பிரிவே இல்லை.

இங்குதான் கல்வித்துறை அலுவலரின் கடமை தொடங்குகிறது. மலையோரப் பள்ளிகளுள் எவற்றில் கணிதமோ புள்ளியியலோ சேர்ந்த வணிகவியல் வகுப்பு நடைபெறுகிறது, இல்லாத இடத்தில் பேருந்து வசதியோடு எட்டக்கூடிய பள்ளி எது என்னும் விவரத்தை ஒரு தாளில் எழுதி, பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளிவருமுன்னரே ஊராட்சி அலுவலகத்திலும் நூலகத்திலும், தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டி வைக்கலாம். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை.