சிங்கம் விழுந்த பிறகு

ரோமானியர்கள் ஹெர்குலிஸ் என்று அழைத்த ஹெராக்ளீஸ், பன்னிரண்டு அரும்பணிகளைச் செய்து முடித்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எந்த ஆயுதமும் துளைக்காத தோலுடைய நெமேயா சிங்கம், ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்கும் ஹைத்ரா, பாதாள வாசலைக் காக்கும் கெர்பெரோஸ் நாய் என்று அந்தக் கதையில் வரும் கொடிய பிராணிகள்தான் முதலில் நம் நினைவுக்கு வரும். இதைக் கல்லில் சொன்னவர்களில் தலைசிறந்தவர்கள் ஒலிம்பியாவின் ஜீயஸ் கோயில் சிற்பிகள் என்பேன். பிராணியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அதை வெல்ல ஒரு மனிதன் பட்ட பாட்டை அவர்கள் செதுக்கினார்கள் என்பதே காரணம்.

லிபோன் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய கோயில் அது. கி.மு. 457ல் தனாக்ராப் போரில் வென்ற ஸ்பார்த்தர்கள் அதன் முகப்பில் பொற்கேடயம் பதித்தார்கள் என்பதால், அதற்குள் கட்டடம் பெரும்பாலும் எழுந்துவிட்டது என்று கொள்கிறார்கள். தூண்வரிசையைக் கடந்ததும், முன்மண்டபத்தின் மேலே ஆறும் பின்மண்டபத்தின் மேலே ஆறுமாகப் பன்னிரண்டு சதுரப் பலகைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரமுள்ள பளிங்குப் புடைப்புச் சிற்பம்.

சிங்கப் பலகையை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய நூற்றாண்டில் ஏதென்ஸின் குயவர்கள் இதே கதையை நூற்றுக்கணக்கான சாடிகளில் தீட்டியிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் வீரனும் சிங்கமும் கட்டிப் புரளும் காட்சிதான். ஒலிம்பியாவில் சண்டை முடிந்துவிட்டது. சிங்கம் செத்துக் கிடக்கிறது. அதன் மேல் ஒரு காலை ஊன்றி, முழங்காலில் முழங்கையை வைத்து, தலையைக் கையில் தாங்கி நிற்கிறான் ஹெராக்ளீஸ். இன்னும் தாடி முளைக்காத இளைஞன். நெற்றியில் மெல்லிய சுருக்கம். அருகே நிற்கும் அதெனா தேவியை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. வென்றவனின் மார்தட்டல் துளியும் இல்லாத உடல் இது. இன்னும் பதினொன்று பாக்கி இருக்கிறது என்று அறிந்தவனின் சோர்வு அதில் தெரிகிறது. அடுத்தடுத்த பலகைகளில் அவன் தாடி வைத்த முதிர்ந்த ஆண். வேலைகளினூடே வயது கூடியிருக்கிறது.

ஆகாயத்தைச் சுமக்கும் பலகை இதைவிட அருமை. பொன் ஆப்பிள்களைப் பறித்துவர அட்லஸ் போயிருந்த நேரத்தில், அவன் சுமையை ஹெராக்ளீஸ் ஏற்கிறான். கழுத்துக்கும் சுமைக்கும் நடுவே ஒரு மெத்தையை மடித்து வைத்திருக்கிறார் சிற்பி. சுமை தூக்குபவர் தலையில் வைக்கும் சும்மாடுதான் அது. பாரம் அழுத்தினால் உடம்பு நோகும் என்ற சாதாரண உண்மையை ஒரு தேவமகனுக்கும் பொருத்திப் பார்த்த கை அந்தச் சிற்பியுடையது. பின்னால் நிற்கும் அதெனா ஒரு கையை உயர்த்தி, சிரமமே இல்லாமல் அதே ஆகாயத்தைத் தாங்குகிறாள். எதிரே அட்லஸ் இரு கைகளிலும் ஆப்பிள்களை நீட்டுகிறான். தெய்வத்துக்கு ஒரு கை போதும். மனிதப் பாதிக்கு முதுகெலும்பு முழுவதும் வேண்டியிருக்கிறது. இத்தனையையும் மூன்று நிமிர்ந்த உருவங்களைக் கொண்டே சொல்லிவிடுகிறது அந்தக் கல்.

சதுரத்துக்குள் இடம் போதாததால்தான் சண்டையைத் தவிர்த்தார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். அதே கோயிலைப் பார்த்தாலே அதற்குப் பதில் கிடைக்கும். கிரேத்தா எருதின் பலகையில் மனித உடலும் விலங்கின் உடலும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்து, மூலைக்கு மூலை குறுக்கிட்டுத் திமிறுகின்றன. மேற்கு முகப்பின் முக்கோணத்திலோ குதிரை உடல்கொண்ட கெந்தவுர்கள் பெண்களின் கூந்தலைப் பிடித்து இழுக்கும் பெரும் கலவரம். சண்டையைச் செதுக்கத் தெரியாதவர்கள் இல்லை. பிற்பாடு ஏதென்ஸின் ஹெஃபைஸ்தோஸ் கோயிலில், இதேபோன்ற பலகையில், சிங்கத்தோடு மல்லுக்கட்டும் ஹெராக்ளீஸ் இடம்பெற்றிருக்கிறான். ஆக, ஒலிம்பியாவில் கண்ட அமைதியை யோசித்து எடுத்த முடிவென்றே சொல்ல வேண்டும்.

பன்னிரண்டில் எருது, ஹைத்ரா, அமேசான், மூவுடல் கெரியோன் ஆகியவற்றில் போர்தானே இருக்கிறது என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், அதை மூடி மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த வேகத்துக்கு நடுவே வைத்துப் பார்க்கும்போதுதான் ஓய்வுக் கணங்களின் கனம் புரிகிறது. ஸ்திம்பாலியப் பறவைகளைக் கொன்றுவிட்டு, பாறையில் வெறுங்காலோடு அமர்ந்திருக்கும் அதெனாவிடம் அவற்றைக் கொண்டுவந்து கொடுக்கும் பலகையில், வேட்டை நடந்ததே நமக்குக் காட்டப்படவில்லை.

களைப்பு என்பது இன்றைய மனநிலையைப் பழைய கல்லில் ஏற்றிப் பார்ப்பது என்று சொல்பவர்களும் உண்டு. மூன்றில் இதுவே எனக்குக் கனமான ஆட்சேபம். சிற்பங்கள் உடைந்தவை, 1829ல் பிரெஞ்சுக் குழு எடுத்துச்சென்ற துண்டுகள் பாரிஸின் லூவ்ரிலும், பின்னர் ஜெர்மானியர் அகழ்ந்தவை ஒலிம்பியா அருங்காட்சியகத்திலும் பிரிந்து கிடக்கின்றன. அன்று பூசியிருந்த வண்ணமும் போய்விட்டது. இத்தனை இழந்த கல்லைப் படிப்பதில் எச்சரிக்கை வேண்டும். இருந்தும், தலையைத் தாங்கும் கையும், மடித்த மெத்தையும் நாம் கற்பித்தவை அல்ல. அவை கல்லிலேயே இருக்கின்றன.

இதற்கெல்லாம் மேலாக ஒரு சான்று உண்டு. ஆவ்கியாஸ் மன்னனின் தொழுவத்தைச் சுத்தம் செய்த பணியில் பிராணியே கிடையாது. ஆண்டுக்கணக்கில் தேங்கிய சாணத்தை ஆற்றுநீரைத் திருப்பிவிட்டு அள்ளிய கதை, ஒலிம்பியா இருந்த எலிஸ் பகுதிக்கே உரியது. அந்தப் பலகையில் ஹெராக்ளீஸ் முழு உடல் வலுவோடு ஒரு நீண்ட கருவியை உந்துகிறான். தலைக்கவசமும் கேடயமுமாக நிற்கும் அதெனா, எங்கே குத்த வேண்டும் என்று காட்டுவதுபோல் கையை நீட்டியிருக்கிறாள். சாணம் அள்ளுவதற்கும் சிங்கத்தைக் கொன்றதற்கும் ஒரே அளவு கல், ஒரே தேவியின் துணை. ஓட்டத்திலும் மல்யுத்தத்திலும் உடலை வருத்தப் போகிறவர்கள் நான்கு ஆண்டுக்கொருமுறை கூடிய இடத்தில், சிற்பிகள் இந்த இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தார்கள்.