தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு: 1802இல் கடல் கடத்தப்பட்ட 73 பேர்



பேரரசுகளின் காலத்தில் கைதிகளாகக் கடல் கடத்தப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். அவர்கள் எல்லோரையும் ஒரு மாலைப் பொழுதில் பேசி முடிக்க இயலாது. ஆகவே ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொள்கிறேன். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பல் அது. தென்னாட்டுக் கிளர்ச்சியில் பிடிபட்ட 73 பேரைக் கிழக்கிந்தியக் கம்பெனி அதில் ஏற்றி அனுப்பியது. தூக்குமேடை ஏறியவர்களுக்குச் சிலை வைத்திருக்கிறோம். கப்பல் ஏறியவர்களின் பெயர்கள்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்கள் பட்ட தண்டனை தூக்கைவிடக் குறைந்ததன்று என்பதை உங்கள்முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

1. போரும் அதன் முடிவும்

1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதோடு பாளையங்கள் அடங்கிவிடும் என்று கம்பெனி கணக்கிட்டது. ஆனால் 1801 பிப்ரவரியில் அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். அது மே மாதம் விழுந்ததும் சிவகங்கையில் மருது சகோதரர்கள் அவருக்குப் புகலிடம் தந்தார்கள். ஜூன் மாதம் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சியிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. சாதி வேறுபாடின்றி எல்லோரும் திரண்டு வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்று அது அழைத்தது.

கம்பெனி பீரங்கியோடு சூழ்ச்சியையும் கையாண்டது. படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் உரிமையாளராக அறிவித்து மக்களைப் பிரித்தது. அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும், நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார்கள்.

எஞ்சியவர்களை என்ன செய்வது? உள்ளூர்ச் சிறை போதாது என்பதை ஊமைத்துரை காட்டிவிட்டார். எல்லோரையும் தூக்கிலிட்டால் பகை ஆறாது. கடல்தான் கம்பெனிக்குக் கிடைத்த விடை. சிவகங்கை அரியணையில் இருந்த வேங்கன் பெரிய உடையணத் தேவர், சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி, பாஞ்சாலங்குறிச்சி, ராமநாதபுரம், வாராப்பூர் முதலிய இடங்களைச் சேர்ந்தோர் அந்த 73 பேரில் அடக்கம். துரைசாமிக்கு அப்போது வயது 15 அளவில்தான்.

2. கடலும் தீவும்

பயணம் பத்து வாரங்களுக்கும் மேல் நீண்டது. கரை சேருமுன்பே சிலர் இறந்துபோனார்கள். போய்ச் சேர்ந்த பினாங்கு, 1786இல் பிரான்சிஸ் லைட் கம்பெனிக்காகக் கைப்பற்றி, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்ட இடம். காடு வெட்டவும் சாலை போடவும் ஆள் தேவைப்பட்ட புதுக் குடியேற்றம். இந்தியத் தண்டனைக் கைதிகளை அங்கே அனுப்புவது இந்தப் போருக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1825 முதல் சிங்கப்பூருக்கும் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அங்குள்ள புனித ஆண்ட்ரூ பேராலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகளின் உழைப்பு. கட்டடங்களுக்குப் பெயர் இருக்கிறது, கட்டியவர்களுக்கு இல்லை.

3. ஒரு கடிதம்

அந்த 73 பேரில் எவரும் தம் கதையைத் தாமே எழுதி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. நம்மிடம் இருப்பது சிறைப்படுத்திய தரப்பைச் சேர்ந்த ஒருவரின் எழுத்து. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் துரைசாமியைப் பற்றி எழுதுகிறார்.

வெல்ஷ் இளம் அதிகாரியாக மதுரைப் பக்கம் இருந்த காலத்தில் சின்ன மருது அவருக்கு நண்பர். வேல் எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுதான். பின்னர் அதே வெல்ஷ் அந்த நண்பரை எதிர்த்துப் போரிட்டார், நண்பரின் மகனுக்குத் தூத்துக்குடியில் காவலராகவும் ஆனார். காவலைக் கூட்டிக்கொண்டு பையனின் விலங்குப் பாரத்தைக் குறைத்ததாகச் சொல்கிறார். அவரால் முடிந்த இரக்கம் அவ்வளவே.

1818இல் வெல்ஷ் பினாங்கு போனபோது தளர்ந்த கிழவர் ஒருவர் அவர்முன் வந்து நின்றார். பெயரைச் சொன்ன பிறகுதான் அது துரைசாமி என்று தெரிந்தது. கணக்குப் பார்த்தால் வயது முப்பதைச் சற்றே கடந்திருக்கும். ஊரில் மிஞ்சியிருக்கும் தம் குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் கொண்டு போகும்படி அவர் கேட்டார். கடமை இடம் தராது என்று வெல்ஷ் மறுத்துவிட்டார்.

பேரரசு இவர்களுக்கு விதித்த தண்டனையின் முழுப் பொருளும் இந்த மறுப்பில் இருக்கிறது. உயிரை விட்டுவைத்து உறவை அறுப்பது அது. அப்பா எப்போது திரும்புவார் என்பதும், இருக்கிறாரா என்பதும் ஊரில் உள்ள பிள்ளைக்குத் தெரியாது. இறந்தவருக்குத் திதி உண்டு. போனவருக்கு அதுவும் இல்லை. கொடுமைக்காரர் ஒருவர் இதைச் செய்திருந்தால் அவரைப் பழித்துவிட்டுப் போகலாம். செய்தவர் வருந்தத் தெரிந்த மனிதர். வருந்துகிறவரையும் கீழ்ப்படிய வைத்ததுதான் அந்த ஆட்சியின் வலிமை.

4. ஒரு முறைமை

இப்படி நாடுகடத்துவதைப் பேரரசு பின்னர் பல இடங்களிலும் செய்தது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1816இல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். பகதூர் ஷா சஃபர் இரங்கூனுக்கும், பர்மாவின் தீபா மன்னர் இரத்தினகிரிக்கும், அசாந்தி மன்னர் பிரெம்பே செஷெல்ஸ் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். மன்னரை மண்ணிலிருந்து பெயர்த்தால் அவர் பெயரைச் சொல்லித் திரளும் மக்களும் சிதறுவார்கள் என்பதே இதன் கணக்கு. மன்னர்களுக்காவது கல்லறை மிஞ்சியது. அவர்களோடு நின்ற எளியவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் மிஞ்சவில்லை.

5. நம் கடமை

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்காலச் சென்னை அரசாங்கத்தின் பதிவேடுகள் இருக்கின்றன. முதுகலை மாணவர்களே, அந்த 73 பேரில் ஆளுக்கொரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதரின் ஊர், குடும்பம், அவர் முடிவு ஆகியவற்றைத் தேடுங்கள். சிவகங்கை, ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டப் பள்ளிகளில் அந்த 73 பெயர்களும் எழுதி வைக்கப்பட வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வேண்டும். இதை அரசிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்கும் கடமையும் உண்டு.